லீவும் ஒரு சேலை முனையும்

1

இந்தத் தை பிறந்தால் என் தம்பி சென்னியப்பனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அதைப் பற்றி எழுதவே கூடாது என்று இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் என் மகள் சரசு பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த வீட்டுப்பாடம் என்னைப் பேச வைத்துவிட்டது.

நாங்கள் இருப்பது மலாய் நாட்டில், பேராக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீஸில் கிராணி. ஊரில் குமாஸ்தா என்பார்களே, அந்த உத்தியோகம். சரசு டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். பிறந்தது இந்த மண்ணில். மலாய்க்காரியோடு மலாய், சீனன் கடையில் அரைகுறைச் சீனம், டீச்சரோடு இங்கிலீஷ், என்னோடு முகச்சுளிப்பு என்று நாலு பாஷை பேசுவாள்.

வீட்டுப்பாடம் இதுதான். இங்கிலீஷில் 'லீவ்' என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதை எத்தனை அர்த்தத்தில் சொல்லலாமோ அத்தனைக்கும் ஒரு வாக்கியம் எழுதிவர வேண்டும். அப்பா ஆபீஸில். அடுப்படியில் நான். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாள்.

"அம்மா, உனக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன்" என்றாள்.

மரியாதையைப் பாருங்கள். நான் நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தவள்தான். இங்கிலீஷை இவரிடமும் அவளுடைய பழைய பாடப் புஸ்தகங்களிலும் பொறுக்கிக் கற்றவள்தான். ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். போன வருஷம் முழுக்க அது எங்கள் வீட்டில்தான் குடியிருந்தது.

2

முதலில் லீவு. இது உங்களுக்கே தெரியும். சேலத்துக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவுக்கு லீவு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு லீவு. இங்கேயும் அதேதான். ஆனால் இங்கே லீவுக்குள் ஜாதி உண்டு. துரை எடுப்பது 'ஹோம் லீவ்'. கப்பல் ஏறித் தன் சீமைக்குப் போய், பனி பார்த்து, அத்தை மாமன்களைப் பார்த்து, கன்னம் சிவந்து மெதுவாகத் திரும்பி வருவார். அதற்கு அவர் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. முறை வந்தால் போக வேண்டியதுதான். கிராணி எடுப்பது வெறும் லீவு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தம்பிக்குப் பெண் பேசி முடித்ததும், தையில் கல்யாணம் என்று கடிதம் வந்தது. அன்றைக்கே இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"லீவ் இட் டு மீ" என்றார்.

இது அந்தச் சொல்லின் இரண்டாவது உபயோகம். 'என்னிடம் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கூரை ஒழுகினாலும் இதைத்தான் சொல்வார், கோழிக்கூட்டுக் கதவு உடைந்தாலும் இதைத்தான் சொல்வார். கோழிகள் இன்னும் சமையலறையில்தான் தூங்குகின்றன. மனுஷர் தங்கம். ஆனால் எதிலும் அவசரம் கிடையாது.

இந்தத் தடவை ஆச்சரியமாக மறுநாளே போய்க் கேட்டுவிட்டார். துரை நல்ல மாதிரி. உட்காரச் சொல்லியே பேசினாராம். ஆனால் தையில் அவருக்கே ஹோம் லீவ். துரையும் இல்லை, கிராணியும் இல்லை என்றால் தோட்டத்து ஆபீஸுக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இவர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாய் திறக்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

3

ஒரு கல்யாணத்துக்கு இத்தனை பாடா என்று நீங்கள் கேட்கலாம். கொங்கு நாட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை தாலி எடுக்குமுன், அவனோடு கூடப் பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர். அவளும் கல்யாணப்பெண் மாதிரி உடுத்திக்கொண்டு, பேழைமூடி என்கிற கூடையைத் தலையில் வைத்து வருவாள். புதுச்சேலை ஒன்றை விரித்து, ஒரு முனையைத் தம்பி கையில் கொடுப்பார்கள், மறுமுனையை அக்காள் கையில் கொடுப்பார்கள். நாளைக்கு உனக்குப் பெண்டாட்டி வந்தாலும் இவளை மறக்காதே என்பதற்காக. அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

சென்னியப்பன் பிறந்த மறுமாதம் எங்கள் அம்மா போய்விட்டாள். அவனுக்குக் கழுத்து நின்றது என் இடுப்பில்தான். சோளக்காட்டுக்குக் கஞ்சி கொண்டு போகும்போது ஒரு கையில் தூக்குப்போசி, ஒரு கையில் அவன். எனக்குக் கல்யாணமாகிக் கப்பல் ஏறப் புறப்பட்ட அன்று அவன் அரைக்கால் சட்டை போட்ட பயல். வண்டி பூட்டி நிற்கிறது. ஆளைக் காணோம். தேடிப் போனால் கிணற்று மேட்டில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைச் சாலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அழவில்லை. கோபம்.

எங்கள் பக்கம் புறப்படுகிறவர்கள் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். அது பழக்கம். நானும் சொன்னேன்.

"வாரேன் சாமி."

"எப்ப வருவே?"

இதை யாரும் கேட்க மாட்டார்கள். அவன் கேட்டான். எனக்கு அப்போது வாயில் வந்தது இது ஒன்றுதான்:

"உன்ற கல்யாணத்துக்கு இணைச்சீரு நாந்தான நிக்கோணும். வராம உட்டுருவனா?"

"பொய் சொன்னீன்னா நா கல்யாணமே கட்டிக்க மாட்டேன் பாத்துக்க" என்றான். பிறகுதான் வண்டி வரைக்கும் வந்தான்.

நடுவில் ஐயன் தவறிப்போனார். அப்பாவை நாங்கள் ஐயன் என்றுதான் கூப்பிடுவோம். தந்தி வந்த அன்று இங்கே மழை. அதற்கும் நான் போகவில்லை, போயிருந்தாலும் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. இங்கிலீஷ்காரன் செத்துப்போகிறவனைப் பற்றியும் இதே சொல்லைத்தான் போடுகிறான். இன்னார் தன் பிள்ளைக்கு இன்ன வீட்டை 'லெஃப்ட்' என்பான். ஐயன் எனக்கு வீடோ காடோ விட்டுப் போகவில்லை. தம்பியை விட்டுப் போனார்.

4

லீவு இல்லை என்றானதும் நான் இவரிடம் சொன்னேன்: "நீங்க இருங்க. நா தனியாப் போயிட்டு வாரேன்."

தோட்டத்துக் கிராணி பெண்டாட்டி தனியாகக் கப்பல் ஏறுவது என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ராசிபுரத்துக் கங்காணி தையில ஊருக்குப் போறாரு. அவரு கண்ணுல படற தூரத்துல இருந்துக்கோ. நாகப்பட்டணத்துல உன்ற தம்பி வந்து நிக்கட்டும்" என்றார். நான் இவரைத் தங்கம் என்றதற்கு இது ஒன்று போதும்.

கங்காணி குழந்தைவேலு ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியை அண்ணன்களிடம் விட்டுவிட்டு இங்கே வந்து ஆள்களை மேய்க்கிறவர். எல்லோருக்கும் நல்லவர், கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி.

அடுத்தது காகிதம். நான் போவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. திரும்பி வருவதற்குத்தான் காகிதம் வேண்டுமாம். நான் இந்நாட்டுக்கு வந்தது புருஷன் பெயரில். அவர் இங்கே இருக்க நான் மட்டும் போனால், நான் யார் என்று எதை வைத்து நம்புவது? டவுனில் ஒரு ஆபீஸ். அங்கிருந்து இன்னொரு ஆபீஸ். அம்மை குத்தின வடுவைப் பார்க்க ஒருவர், போட்டோ சரியில்லை என்று சொல்ல ஒருவர். கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல் இங்கிலீஷில் கேட்டார்: "ஆர் யூ லீவிங் யுவர் ஹஸ்பண்ட்?"

புருஷனை இங்கே விட்டுவிட்டா போகிறாய் என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "யெஸ்" என்றேன். பக்கத்தில் நின்ற இவர் முகம் வெளுத்துவிட்டது. குமாஸ்தா இப்போது தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படிச் சொன்னால் தாம்பத்தியமே முறிந்தது என்றும் அர்த்தமாம். "ஃபார் எ வெடிங்" என்று நான் சேர்த்துச் சொன்ன பிறகுதான் அவர் சிரித்தார், முத்திரையும் குத்தினார். வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகு இவர், "அந்த ஆளு முன்னாடி அத்தன கணீருன்னா யெஸ்னு சொல்லுவே?" என்றார்.

காகிதம் கிடைத்துவிட்டது. பெட்டி கட்டியாயிற்று. சரசுவையும் கூப்பிட்டேன். பரீட்சை இருக்கிறது என்றாள். மாமன் கல்யாணம் என்றேன். தெரியாத மாமன் என்றாள். இன்னும் ஏதோ சொல்லப் போனேன்.

"லீவ் மீ அலோன், அம்மா" என்றாள், புஸ்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்னைச் சும்மா விடு என்று அர்த்தம். அவள் பள்ளியில் பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வதுதான், பெரிய வார்த்தை ஒன்றுமில்லை என்று இவர் சமாதானம் சொன்னார். இருக்கலாம். எனக்கு வலித்தது. பெட்டி கட்டின கயிற்றைத் திரும்ப அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

5

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கையில் சரசுவுக்குக் காய்ச்சல். மறுநாள் காலையில் முகத்தில் முத்து.

அம்மை வார்த்திருக்கிறது என்றால் வீட்டில் என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை. தாளிப்பு இல்லை. யாரும் வருவதில்லை, நாமும் யார் வீட்டுக்கும் போவதில்லை. கல்யாண வீட்டுக்கு மட்டும் போகவே கூடாது. கப்பல்காரன் நோய் என்று ஒதுக்குவான். நாங்கள் ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஒதுங்குவோம்.

அப்படியும் என் மனசு ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டது. இவர் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாள். எனக்கோ சின்ன வயசிலேயே அம்மை வந்துபோனது. தலைக்குக் குளித்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடித்தால் பினாங்கில் கப்பல் நிற்கும். பெற்றவளுக்கு இப்படியும் தோன்றுமா என்று கேட்டால், தோன்றும். தோன்றியதைச் சொல்கிறேன்.

அவள் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். கண் மூடித்தான் இருந்தாள். என் முந்தானையைத் தடவிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, என்ன உட்டுட்டுப் போயிராத."

'உட்டுட்டு'. நாமக்கல்லுக்கு மேற்கேயுள்ள காட்டுப் பேச்சு. 'ஊடு' என்று நான் சொன்னால் 'வீடு' என்று திருத்துகிற பெண். அவள் முன்னால் யாராவது ஊர்க்காரர்களோடு நான் இப்படிப் பேசினால் உள்ளே எழுந்து போய்விடுவாள். அது அவளுக்குள் எங்கே கிடந்தது, எப்போது போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

"எங்கியும் போகல சாமி, இங்கதான் இருக்கறேன்" என்றேன். அப்புறம் எந்தக் கணக்கும் போடவில்லை.

இவர் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். கங்காணி குழந்தைவேலு வாசலுக்கு வெளியே நின்றபடியே, தம்பிக்கென்று நான் வாங்கி வைத்திருந்த கைக்கடிகாரத்தை இவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவருக்கே சத்தம் எழும்பவில்லை. "வாரேனுங்கம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று நான் வாசலைச் சாணி தெளித்துக் கூட்டினேன், அவ்வளவுதான். புதுச்சேலை உடுத்தவில்லை, பலகாரம் செய்யவில்லை, ஆத்தா இருக்கும்போது செய்யக் கூடாது. ஊரில் இப்போது என்ன நேரமிருக்கும் என்று இவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். இணைச்சீருக்கு யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். சித்தப்பன் மகள் பாவாயி இருக்கிறாள். அவளும் அக்காள் முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேப்பிலை அரைத்துக்கொண்டே அழுது தீர்த்தேன்.

6

சித்திரையில் கங்காணி திரும்பி வந்தார். பெட்டியைக்கூடத் தன் லயத்து வீட்டில் இறக்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, மஞ்சள் துணியில் சுற்றின பொட்டலத்தை என் முன்னால் வைத்தார்.

"இது என்னுங்க?"

"சொல்றேன், தண்ணி குடுங்க மொதல்ல" என்றார். குடித்துவிட்டுச் சொன்னார்.

"இணைச்சீருக்கு ஏற்பாடெல்லாம் ஆச்சுங்க. உங்க பாவாயி அம்மிணி பேழமூடியத் தூக்கிட்டு வந்து நின்னாங்க. அருமைக்காரரு சீலைய விரிச்சு ஒரு முனைய மாப்பிள்ள கையில குடுத்தாரு. இன்னொரு முனைய அம்மிணி கையில குடுக்கப் போனாரு பாருங்க, உங்க தம்பி கைய நீட்டித் தடுத்துப்போட்டாரு."

அருமைக்காரர் என்பவர் எங்கள் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று நடத்தும் பெரியவர். அவர் கையைத் தடுப்பது சின்ன விஷயமல்ல.

"'பாவாயி நிக்கட்டுமுங்க, வேண்டாங்கல. அந்த முனைய மட்டும் யாரும் தொட வேண்டாமுங்க. அது எங்கக்கா புடிக்கறது' அப்படீன்னாரு. பந்தல்ல ஒரே சலசலப்புங்க. முனை சும்மா தொங்குனா சீரு எப்படி முடியும்னு ஒருத்தரு. அபசகுனம்னு ஒருத்தரு. பொண்ணூட்டுக்காரங்க மொகமெல்லாம் சுருங்கிப்போச்சு."

"பாவாயி என்ன பண்ணினா?" என்றேன். அவளுக்கல்லவா அவமானம்.

"அவுங்கதாங்க தங்கமான மனுசி. 'தம்பி சொல்றது நாயந்தானுங்க. நா கூடைக்குத்தான் வந்தேன், முனைக்கு வல்ல'ன்னு சொல்லிட்டு ரண்டு கையாலயும் கூடையப் புடிச்சிக்கிட்டாங்க. கையே காலியில்ல, குடுத்தாலும் வாங்க முடியாதுங்கற மாதிரி. அப்பறமேட்டுக்கு அருமைக்காரரு ரொம்ப நேரம் ரோசன பண்ணி, அந்த முனைய மடிச்சுப் பேழமூடி மேல வெச்சாரு. 'சீரு முடியலீங்க. நடந்துக்கிட்டிருக்குது. அக்கா வந்து முனையப் புடிக்கறப்ப முடிஞ்சுக்கட்டும். தாலிக்கு இது தடையில்ல, மேளத்தத் தட்டுங்க'ன்னு போட்டாருங்க ஒரு போடு."

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். சேலத்துப் பட்டு, அரக்குச் சிவப்பு. ஒரு முனை கசங்கியிருந்தது. தம்பி பிடித்த முனை. அவன் கைமஞ்சள் விரல் விரலாக ஒட்டியிருந்தது. இன்னொரு முனை மடிப்பு கலையாமல் ஒரு வெள்ளைத் துணிக்குள் சுற்றியிருந்தது.

"உங்க ஊட்டுலயே புடிச்சாலும் சரிதான், ஊருக்கு வந்து புடிச்சாலும் சரிதான்னு சொல்லச் சொன்னாருங்க" என்றார் கங்காணி. "உங்க இஷ்டமாமுங்க."

7

இத்தனை மாதமும் நான் அந்த வெள்ளைத் துணியை அவிழ்க்கவில்லை. இங்கேயே பிடித்துவிட்டால் சீர் முடிந்துவிடும். முடிந்தபின் நான் எதற்குப் போக வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் கப்பல் கட்டணம் கேட்கும். அதனால் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். இதுவும் 'லீவ்' தான் என்று, வீட்டுப்பாடத்தோடு நின்ற சரசுவிடம் சேலையைக் காட்டி, அது வந்த கதையையும் சொன்னேன். சாப்பிடாமல் ஒருத்தருக்காக எடுத்து வைத்த சோற்றுக்கும் இதே சொல்லைப் போடலாமாம். இதற்குத் தமிழில் அழகாக 'விட்டு வைப்பது' என்று இருக்கிறதே என்றேன். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ போன வருஷம் நீ கல்யாணத்துக்குப் போகாதது என்னாலா?" என்றாள்.

கடைசி நேரத்தில் கப்பலில் இடமில்லை என்றுதான் இதுவரை அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். காய்ச்சலில் சொன்னது அவளுக்கு ஞாபகமில்லை. என்ன சொன்னாள் என்று இப்போது சொன்னேன். 'உட்டுட்டு' என்றாயடி என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, எனக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"மை மதர் டிட் நாட் லீவ் மீ."

வாக்கியம் சரிதானா என்று நான் கேட்டேன். சரிதான், இதையே எழுதப் போகிறேன் என்றாள். எழுதினாளோ இல்லையோ, டீச்சர் என்ன சொன்னாளோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று என்னோடு உட்கார்ந்து என் தட்டிலேயே சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு வெகுகாலமாயிற்று.

துரை சீமையிலிருந்து கன்னம் சிவந்து திரும்பிவிட்டார். இவருக்கு இந்தத் தையில் லீவு என்று கையெழுத்தாகிவிட்டது. இந்தத் தடவை 'லீவ் இட் டு மீ' என்று சொல்ல நான் இடமே கொடுக்கவில்லை. கூடவே போய் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டேன். சரசு பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. மாமனை இங்கிலீஷில் என்ன சொல்வது என்று டீச்சரிடம் கேட்டாளாம். அங்கிள் என்று சொன்னால் அந்தப் பக்கத்துக் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது, மாமா என்றே கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன்.

பாவாயி, கூடையைத் துடைத்து வை. நீதான் தூக்க வேண்டும்.

சென்னியப்பா, நீ பிடித்த முனையைச் சலவை செய்யவில்லை. மஞ்சள் அப்படியே இருக்கிறது. என் முனை இன்னும் துணிக்குள்தான் இருக்கிறது. நீ கிணற்று மேட்டில் உட்கார்ந்து 'எப்ப வருவே' என்று கேட்டாய். அடுத்த கப்பல்.

வாரேன் சாமி.